உப்புவெளியில் ஞாயிறு இந்திய பஃபே: எதைத் தொடுவது, எதைத் தாண்டிப் போவது

முதலில் தீர்ப்பு. திருகோணமலை உப்புவெளிக் கடற்கரை ஹோட்டலொன்றில் ஞாயிறு மதியம் வைக்கும் இந்த வட இந்திய பஃபேயில் தந்தூர் அடுப்புப் பக்கம் அருமை, குழம்புப் பக்கம் சுமார், இனிப்பில் இரண்டே இரண்டு உருப்படி. காசுக்குத் தகுமா என்றால் தகும். ஆனால் முதல் மேசையில் தொடங்கி வரிசையாக அள்ளிக்கொண்டு போகிறவருக்குத் தகாது. அப்படிப் போனால் நாலாவது சட்டியிலேயே பீங்கான் நிறைந்துவிடும். தந்தூர் அடுப்போ வரிசை முடிந்தபிறகு, நீச்சல் தடாகத்துக்குப் போகிற வழியில், கண்ணில் படாத மூலையில் இருக்கிறது. ஹோட்டலின் பெயர் இங்கே தேவையில்லை. உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை எங்கே இந்திய பஃபே வைத்தாலும் அமைப்பு ஏறக்குறைய இதுதான். இங்கே சொல்வதில் முக்கால்வாசி மற்ற இடங்களுக்கும் பொருந்தும்.

விலையைப் பார்க்கும்போது எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 10 வீதச் சேவைக் கட்டணமும் 18 வீத வற் வரியும் பில்லில் தனியாக ஏறும். பலகையில் 4,500 ரூபாய் என்றால் கையிலிருந்து போவது 5,700ஐத் தாண்டும். தண்ணீர்ப் போத்தல், சோடா, லஸ்ஸி எல்லாம் பெரும்பாலும் இதற்கு வெளியே. மேசை பதியும்போதே, எல்லாம் சேர்த்து ஆளுக்கு எவ்வளவு என்று கேட்டுவிடுவது நல்லது. சாப்பிட்டு முடித்தபிறகு பில்லோடு மல்லுக்கட்டினால் தின்றது செமிக்காது.

இந்தத் தொகையைக் கேட்டவுடன் எங்கட ஆக்களுக்கு வரும் முதல் யோசனை, காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்து குடுத்த காசுக்குத் தின்று தீர்ப்பது. பிழை அங்கேதான் தொடங்குகிறது. கொலைப்பசியோடு வந்தவர் முதல் பத்து நிமிடத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளுவார். கண்ணில் முதலில் படுவது சோறும் பொரியலும். ஹோட்டல்காரரின் கணக்கும் அதை நம்பித்தான் நிற்கிறது. சீரகச் சோறு, நாண், பருப்பு, உருளைக்கிழங்கு இவற்றின் அடக்க விலை மிகக் குறைவு. நீங்கள் இரண்டு நாண் கூடச் சாப்பிட்டதால் அவருக்கு ஒரு நட்டமும் இல்லை. அடக்க விலையை ஏற்றுபவை மீன், இறால், ஆட்டிறைச்சி, பன்னீர், கஜு. அவை வரிசையின் வாலில், சின்னத் துண்டுகளாக, சமையல்காரரே எடுத்துப் போடுகிற விதத்தில் இருக்கும். காலையில் நாலு இடியப்பமோ இரண்டு துண்டு பாணோ சாப்பிட்டுவிட்டு வருகிறவர் நிதானமாக எடுப்பார், நல்லதாகவும் எடுப்பார்.

வரிசை இப்படிப் போகிறது: தக்காளி சூப், அப்பளம், சலாது, ரைத்தா, பிறகு சமோசா, பக்கோடா, கோபி மஞ்சூரியன், சீரகச் சோறு, இரண்டு பருப்பு, மரக்கறி மூன்று, பன்னீர் ஒன்று, கோழி இரண்டு, ஆடு ஒன்று, புரியாணி, நாண் கூடை. தந்தூரும் பானி பூரியும் வெளியே. இனிப்பு எதிர்ச் சுவரில். பீங்கானை எடுத்த கையோடு ஒரு பிடியும் எடுக்காமல் முழு வரிசையையும் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். மூடியைத் திறந்து பார்ப்பதற்கு யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். இரண்டு நிமிட வேலை, ஆனால் அதற்குப் பிறகு கை தானாகவே அடங்கிவிடும்.

சமோசா, பக்கோடா, மஞ்சூரியன் மூன்றையும் தாண்டிப் போங்கள். சுவை இல்லாததால் சொல்லவில்லை. பொரித்தது மூடிய சட்டிக்குள் பத்து நிமிடம் இருந்தாலே தன் ஆவியிலேயே நனைந்து தொய்ந்துவிடும். மஞ்சூரியனில் குழம்பு வேறு ஊறுகிறது. மா உறை கழன்று பூக்கோவா தனி, பசை தனியாகக் கிடக்கிறது. பெரிய சமோசா ஒன்று ஏறக்குறைய 250 கலோரி, உள்ளே வெறும் உருளைக்கிழங்கு. புதுத் தட்டு வரும் நேரத்தைப் பிடித்தால் ஒன்றை இரண்டாகப் பிய்த்துப் பக்கத்தில் இருப்பவரோடு பங்கு போடலாம்.

இனிக் குழம்புகள். ஹோட்டல் சமையலறையில் ஒவ்வொரு கறிக்கும் தனித்தனியாக அடியிலிருந்து வதக்குவதில்லை. காலையில் மூன்று அல்லது நாலு தாய்க் குழம்பு பெரிய கிடாரத்தில் தயாராகும். வெங்காயமும் தக்காளியும் வதக்கி அரைத்த மண்ணிறக் குழம்பு ஒன்று. தக்காளி, பட்டர், கஜு, கிறீம் சேர்ந்த செம்மஞ்சள் மக்கனிக் குழம்பு ஒன்று. அவித்த வெங்காயமும் கஜுவும் தயிரும் அரைத்த வெள்ளைக் குழம்பு ஒன்று. பசளிக் கீரை அரைத்த பச்சை ஒன்று. மக்கனிக்குள் கோழி போட்டால் பட்டர் சிக்கன், பன்னீர் போட்டால் பன்னீர் பட்டர் மசாலா. மண்ணிறத்தில் ஆடு போட்டால் ஒரு பெயர், கடலை போட்டால் இன்னொரு பெயர். ஆகவே சட்டி எட்டு இருந்தாலும் நாக்குக்கு உள்ளது மூன்று நாலு சுவைதான். எட்டிலும் ஒவ்வொரு அகப்பை போட்டுக்கொண்டால் பீங்கானில் எல்லாம் ஒன்றாகக் கலந்து ஒரே செம்மண் நிறச் சாறாகிவிடும். பிறகு எது நன்று என்று சொல்லவும் முடியாது. நிறத்துக்கு ஒன்று என்று எடுங்கள். இந்த ஹோட்டலில் எடுக்கவேண்டியவை: மக்கனியில் பட்டர் சிக்கன், மண்ணிறத்தில் ஆடு, இவை இரண்டோடும் சேராமல் தனியாகக் காய்ச்சுகிற தால் மக்கனி.

பட்டர் சிக்கன் டெல்லிக் கடைகளிலிருந்து உலகம் சுற்றப் புறப்பட்ட கறி. அதன் அடிப்படை, தந்தூரில் சுட்ட கோழியைக் குழம்பில் போடுவது. சுடாமல் பச்சைக் கோழியைக் குழம்பிலேயே அவித்தால் அது வேறு கறி, பெயர் மட்டும் இது. ஒரு துண்டைப் புரட்டிப் பாருங்கள்: ஓரத்தில் கருகல் புள்ளி இருக்க வேண்டும், கடித்தால் புகை மணம் லேசாக வரவேண்டும். இங்கே இருக்கிறது. காய்ந்த வெந்தயக் கீரையைக் கசக்கிப் போட்டிருக்கிறார்கள், அதுவும் சரி. குறை இனிப்பு. புளிப்பான தக்காளியைச் சரிக்கட்டச் சீனி போடுவது வழக்கம்தான், ஆனால் இங்கே கை தாராளம். உறைப்புக்குப் பழகிய எங்கள் நாக்குக்கு நாலு வாயில் திகட்டிவிடும். அச்சாறை அருகில் வைத்துச் சமாளிக்க வேண்டியதில்லை; பச்சை வெங்காயமும் தேசிக்காயும் கேட்டால் தருகிறார்கள், அது பொருத்தம். எடுப்பதற்கு முன் அகப்பையை அடி வரை விட்டுக் கிளறுங்கள். மேலே ஒரு விரற்கடைக்குச் செம்மஞ்சள் எண்ணெய் தனியாக நின்றால், சட்டி அதிக நேரம் சூட்டில் நின்று கிறீம் திரிந்துவிட்டது என்று பொருள். அதை விட்டுவிட்டுப் புதுச் சட்டிக்குக் காத்திருங்கள்.

தால் மக்கனிதான் சமையலறையின் பொறுமையைக் காட்டிக்கொடுக்கும். தோலோடு முழுக் கறுப்பு உளுந்தும் கொஞ்சம் சிவப்பு அவரையும் ஊறவைத்து, மெல்லிய தணலில் மணிக்கணக்காக, முடிந்தால் இரவு முழுக்க விட வேண்டும். அப்போது உளுந்து தானே கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும். அவசரக்காரர் சோள மாவைக் கரைத்து ஊற்றிவிடுவார். கண்டுபிடிப்பது சுலபம்: பீங்கானில் இரண்டு கரண்டி வைத்து ஐந்து நிமிடம் விடுங்கள், ஜெலி மாதிரி வழுக்கிக்கொண்டு ஒரே கட்டியாக நகர்ந்தால் சோள மா. இங்கே நகரவில்லை, உளுந்துப் பருக்கை நாக்கில் மெழுகாக நசிகிறது. வரிசையிலேயே சிறந்த சட்டி இதுதான். ஆனால் ஏமாற்றுகிற சட்டியும் இதுதான்: பருப்புத்தானே என்று நாலு அகப்பை போடுவோம், அதற்குள் இருக்கும் பட்டரும் கிறீமும் கோழிக் குழம்பில் உள்ளதை விடக் குறைவில்லை. ஒரு அகப்பை போதும்.

பன்னீரைச் சட்டியில் தொடவேண்டாம். கொதி சூட்டில் முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் கிடந்த பன்னீர் இறப்பர் ஆகிவிடும்; கரண்டியால் அழுத்தினால் நசியாமல் துள்ளும். அதே பன்னீர் தந்தூர்க் கம்பியில் வந்தால் வெளியே கருகல், உள்ளே பஞ்சு. மரக்கறிக்காரர் நேரே அங்கே போகலாம், ஒரு நிபந்தனையோடு: கோழிக்கும் பன்னீருக்கும் பட்டர் பூசுகிற தூரிகை ஒன்றா, கம்பி ஒன்றா என்று கேளுங்கள். இங்கே கேட்டால் தனித் தூரிகை எடுக்கிறார்கள், கேட்காவிட்டால் எடுப்பதில்லை. வரிசையிலும் மச்சச் சட்டியின் அகப்பை மரக்கறிச் சட்டிக்குள் தாவுவது வழக்கம். கூட்டம் கூடக்கூட அது நிச்சயம் நடக்கும். கந்தசஷ்டி மாதிரி விரத நாட்களில் உள்ளவர்கள் திறந்தவுடன், முதல் ஆளாக எடுத்துவிடுவதே ஒரே வழி. ஹலால் சான்றிதழ் வாசலிலேயே தொங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; மூவினத்தவரும் வருகிற ஊரில் இதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

தந்தூருக்கு வருவோம். களிமண் அடுப்பின் உட்சுவர் 400 பாகை செல்சியஸ் அளவுக்கு ஏறும். சுவரில் ஒட்டிய நாண் ஒன்றரை நிமிடத்துக்குள் உப்பி, புள்ளி விழுந்து, கழன்று வரும். சீனக்குடாவில் அவ்வளவு பெரிய பிரிமா மா ஆலை நிற்கிற ஊரில் நாண் மோசமாக இருக்கக் கூடாது; இருக்கவும் இல்லை. மோசம், கூடை. சுட்ட நாணைத் துணி போட்டு மூடினால் ஆவி இறங்கித் தோல் மாதிரி இழுபடும். திறந்துவிட்டால் பத்து நிமிடத்தில் அட்டையாகிவிடும். எப்படி வைத்தாலும் கூடை நாண் தோற்றுப்போன நாண். ஆகையால் கூடையைத் தொடாமல் அடுப்படிக்குப் போய், பட்டர் பூசாமல் ஒன்று கேளுங்கள். அதை நாலாக வெட்டித் தரச் சொல்லி, நாலு பேர் ஆளுக்கு ஒரு கால் எடுங்கள். ஒரு முழு நாண் 100 கிராம் அளவு, 300 கலோரி அளவு. அது போனால் வயிற்றில் ஒரு நேரச் சோற்றின் இடம் போனது. கால் நாண் முடிந்ததும் அடுத்த கால் சுடச்சுட வரும், அவசரம் எதற்கு.

இங்கே உண்மையான விருந்து மீன் டிக்கா. பல ஊர்களில் இந்திய பஃபே என்றால் உறையவைத்து வந்த வெளிநாட்டு மீனைத்தான் கம்பியில் குத்துவார்கள். இந்த அடுப்பில் பெரும்பாலும் அறுக்குளா, கிடைக்காத நாளில் பாரை. கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் இறங்கிய மீனுக்கும் உறைபெட்டி மீனுக்கும் வித்தியாசம் கடித்த இடத்தில் தெரியும்: நல்ல மீன் இதழ் இதழாகப் பிரியும், பழையது தும்பு தும்பாக உதிரும். ஊறவைத்த கலவையில் ஓமம் வாசம் வருகிறது, கடலை மா கொஞ்சம் சேர்த்திருப்பதால் மசாலா மீனில் பிடித்து நிற்கிறது. குறை ஒன்று, துண்டு சின்னது. சின்னத் துண்டு தந்தூரில் சீக்கிரமே உள்வரை வெந்து காய்ந்துவிடும். கம்பியின் நடுவில் உள்ள துண்டுகள்தான் ஈரப்பதமாக இருக்கும், நுனியில் உள்ளவை வறண்டவை. எடுத்துப் போடுகிறவரிடம் நடுத்துண்டைக் கேளுங்கள். கடித்தவுடன் நாக்கு மிளகு கடித்தது போலச் சுருக்கென்று எரிந்தால், அது மசாலா என்று விட்டுவிடாமல் துப்பிவிடுங்கள். அறுக்குளா, சூரை வகை மீன்கள் பிடித்தபின் குளிரில் வைக்கப்படாவிட்டால் ஹிஸ்டமின் சேரும்; சுட்டாலும் அவித்தாலும் அது போகாது. முகம் சிவந்து, தலையிடித்து, தடித்துப்போவது அதனால்தான். இங்கே அப்படி இல்லை, ஆனாலும் வெயில் ஊரில் மீன் சாப்பிடுகிறவர் தெரிந்து வைத்திருக்க வேண்டியது.

கோழி டிக்கா நன்று, தயிரில் ஊறிய கோழி. எலும்போடு உள்ள தந்தூரிக் காலை விட இதை எடுங்கள், கால் துண்டில் எலும்போரம் சில வேளை சிவப்பாக நிற்கிறது. இறால் எப்போதாவது வரும். வந்தால் அறிவிக்க மாட்டார்கள்.

புரியாணியைப் பற்றிச் சொல்ல இந்த ஊரில் துணிவு வேண்டும். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் கலியாண வீட்டுச் சோறு சாப்பிட்டவர்கள் நிறைந்த இடத்தில் சட்டிப் புரியாணி எடுபடாது. நல்ல தம் புரியாணியில் வெள்ளைப் பருக்கையும் மஞ்சள் பருக்கையும் கலந்து நிற்கும், அடியில் மசாலாவும் இறைச்சியும் இருக்கும். எல்லாப் பருக்கையும் ஒரே மஞ்சள் என்றால் கறியையும் சோற்றையும் கிளறி வைத்திருக்கிறார்கள். இங்கே இரண்டு நிறம் தெரிகிறது, அந்தமட்டில் சரி. ஆனால் மூடிய அண்டாவில் இருக்கவேண்டியதை ஆழமில்லாத தட்டில் கொட்டிப் பரப்பியதும் மேல்சோறு காய்கிறது, எண்ணெய் அடிக்கு இறங்குகிறது. எடுப்பதானால் மேலே வழிக்காமல் ஓரத்தில் அகப்பையைச் செங்குத்தாக இறக்கி ஒரு வெட்டு எடுங்கள். எல்லா அடுக்கும் வரும். இரண்டு மேசைக்கரண்டி போதும். புரியாணி எடுத்தால் சீரகச் சோறு வேண்டாம், நாண் வேண்டாம். மூன்றையும் ஒரே பீங்கானில் வைத்திருப்பவரைப் பார்த்தாலே பின்நேரம் அவர் எங்கே படுத்திருப்பார் என்று தெரிந்துவிடும்.

ரைத்தா பெரிய ஏமாற்றம். கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிர் மண்சட்டியில் வீதியோரமெல்லாம் கிடைக்கும் மாவட்டத்தில், இனிப்புத் தட்டுகிற கோப்பை யோகட்டைக் கரைத்து வெள்ளரிக்காய் போட்டு வைத்திருக்கிறார்கள். அதுவும் ஐஸ் இல்லாமல். குளிராக இருக்கவேண்டியது 5 பாகைக்குக் கீழே, சூடாக இருக்கவேண்டியது 60 பாகைக்கு மேலே. இடையில் நிற்பது எதுவானாலும் கிருமிக்கு வசதி. சூட்டுச் சட்டிகளின் கீழே இரண்டு ஜெல் எரிபொருள் டின் எரியும், இடையில் தண்ணீர்த் தட்டு. ஒரு டின் அணைந்தால் சட்டியில் பாதி ஆறிவிடும். தண்ணீர் வற்றினால் அடி கருகும், மேல் ஆறும். மூடியைத் திறக்கும்போது முகத்தில் ஆவி அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் மூடிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: குறைந்த சட்டியை எடுத்துவிட்டுப் புதுச் சட்டி வைக்கிறார்களா, பழையதின் மேலேயே புதியதைக் கொட்டுகிறார்களா? இங்கே மாற்றித்தான் வைக்கிறார்கள், இரண்டு மணி வரை. அதற்குப் பிறகு கொட்டல்தான். பஃபே 12.30க்குத் திறந்து 3 மணிக்கு மூடுகிறது. பன்னிரண்டே முக்காலுக்குள் உட்கார்ந்துவிடுவது எல்லா வகையிலும் இலாபம்.

பானி பூரி மேசையில் ஒரே கேள்வி: தண்ணீர் என்ன தண்ணீர்? போத்தலா, காய்ச்சி ஆறியதா, குழாயா? ஐஸ் எங்கே போட்டது? பதில் தடுமாறினால் பூரிக்குள் புளியும் கடலையும் மட்டும் வைத்து வாங்குங்கள். புளிப்பு பசியைக் கிளறும் என்பதால் நடுவில் சாப்பிடுவது ஆபத்து. அடங்கிய வயிறு மறுபடி வாயைத் திறக்கும்.

அளவுக்கு மீறித் தின்பது எப்படி நடக்கிறது என்பதற்கு இதுவே பாதி விடை. ஒரே சுவை சீக்கிரம் திகட்டும், புதுச் சுவை வந்தால் திகட்டியது மறக்கும். நாற்பது வகை உள்ள இடத்தில் நாற்பது தடவை மறக்கலாம். மற்றப் பாதி நேரம். நிறைந்தது என்ற செய்தி வயிற்றிலிருந்து மூளைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய 20 நிமிடம் எடுக்கும். அந்த 20 நிமிடத்தில் அவசரக்காரர் இரண்டாவது பீங்கானையும் முடித்திருப்பார். வெறும் வயிற்றின் கொள்ளளவு 100 மில்லிலீற்றர்கூட இல்லை, வசதியாக விரிவது ஒரு லீற்றர் வரை. சூப் 200, லஸ்ஸி 300 என்று தொடங்கினால் அரை லீற்றர் போயிற்று, இன்னும் ஒரு துண்டு கோழி உள்ளே போகவில்லை. கொழுப்புக் கூடிய சாப்பாடு வயிற்றை விட்டு இறங்க நாலு மணித்தியாலமோ அதற்கு மேலோ எடுக்கும். பட்டரும் கிறீமும் கஜுவுமாக ஏற்றியது அதுவரை அங்கேயே உட்கார்ந்திருக்கும். அதற்கு மேல் சோடா ஊற்றினால் காற்று வேறு.

ஆகவே ஒரு கணக்கு. முதல் பீங்கான் தந்தூர்: மீன் இரண்டு துண்டு, கோழி இரண்டு, கால் நாண், வெங்காயம், தேசிக்காய். முடித்துவிட்டுக் கதைத்துக்கொண்டு பத்து நிமிடம் இருங்கள். இரண்டாவது குழம்பு: மூன்று நிறத்தில் ஒவ்வொரு அகப்பை, அதோடு இரண்டு கரண்டி புரியாணி அல்லது இன்னொரு கால் நாண். இதற்குள் முக்கால் மணித்தியாலம் ஆகியிருக்கும். மூன்றாவது பீங்கான், பிடித்த ஒன்றுக்கு மட்டும் திரும்பிப் போக. இதுவே ஒன்றரை மணித்தியாலச் சாப்பாடு, எழும்பும்போது இடுப்புப் பட்டியில் கை போகாது. குடிப்பதற்குத் தண்ணீர்; லஸ்ஸி வேண்டுமென்றால் அதை இனிப்பாகக் கணக்கில் வையுங்கள்.

இனிப்பில் குலாப் ஜாமுன் சூடாக இருந்தால் எடுங்கள், ஒன்று. வெட்டிப் பார்த்தால் நடு வரை பாகு ஊறியிருக்க வேண்டும். நடுவில் வெள்ளை மா தெரிந்தால் அவசரத்தில் பொரித்தது. ஒன்று 150 கலோரி அளவில் நிற்கும். கரட் அல்வா பால் வற்றாமல் நெய்யில் மிதக்கிறது. ரசமலாய் டின்னில் வந்தது, பஞ்சு போலப் பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிறது. இந்தியப் பெயர்களுக்கு நடுவில் ஒரு மூலையில் வட்டிலப்பம் வைத்திருக்கிறார்கள். கித்துள் கருப்பட்டி மணமும் ஏலக்காயும், வெட்டிய முகத்தில் சின்னச் சின்னத் துளைகளும், சரியான வட்டிலப்பம். டெல்லி மேசையில் உள்ளூர்க்காரர் வந்து வென்றுவிட்டுப் போகிறார்.

இவ்வளவுக்கும் பிறகு ஏறிவிட்டதென்றால்: கடற்கரை ஓரம் கால் மணித்தியாலம் மெதுவாக நடப்பது உதவும், சாய்கதிரையில் மல்லாந்து படுப்பது உதவாது. இரண்டு மூன்று மணித்தியாலம் நிமிர்ந்திருங்கள். படுத்தே ஆகவேண்டுமென்றால் இடப்பக்கம். ஜிஞ்சர் பியர் ஒரு ஏவறையைக் கொடுக்கும், அதோடு சீனியையும் காற்றையும் கொடுக்கும். இஞ்சித் தேத்தண்ணி, சீனி இல்லாமல், சின்னக் கோப்பை போதும். சாப்பிட்டவுடன் கடலில் இறங்கினால் கெண்டை பிடித்துத் தாண்டுபோவார்கள் என்ற கதைக்குப் பலமான ஆதாரம் இல்லை. ஆனால் நிறைந்த வயிற்றோடு அலையில் குப்புற விழுந்தால் எல்லாம் தொண்டைக்கு வரும். மதுவைக் குடித்துவிட்டு இறங்குவதுதான் உண்மையில் ஆளைக் கொல்லும். நீரிழிவுக்காரர் கூடத் தின்றுவிட்டோம் என்று தாங்களாகவே இரண்டு மாத்திரை போடக் கூடாது. நெஞ்சு இறுக்கம் தோளுக்கோ தாடைக்கோ பரவி வியர்த்துக் கொட்டினால் வாயு என்று இஞ்சி தேடாமல் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

மிஞ்சியதைப் பொதி கட்டித் தருவதில்லை, கேட்டுச் சண்டை பிடிக்கவும் வேண்டாம். சோற்றில் உள்ள ஒருவகைக் கிருமியின் வித்து வெந்தாலும் சாகாது. சோறு வெளிச்சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்தால் அது நஞ்சை உண்டாக்கும், வீட்டில் மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. சிறுவர்களுக்குப் பாதி விலை, ஆனால் வயதெல்லை ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும், கேளுங்கள். பௌர்ணமி தினத்தில் மதுபானம் கிடையாது. மே மாதத்திலிருந்து கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் வெளி மேசையில் வெக்கையில் இருந்து நெய்ச்சோறு தின்பது தண்டனை. உள்ளே, விசிறிக்கு நேராக, தந்தூர் வாசலைப் பார்த்தபடி இருக்கும் இடது பக்க மேசைகளைக் கேட்டுப் பதியுங்கள், நாண் கழன்று வருவது அங்கிருந்து தெரியும். மாரிகாலத்தில் ஆக்கள் குறைந்தால் தந்தூரை மூட்டாமலே பஃபே வைத்துவிடுகிறார்கள், விலை மட்டும் அதே விலை. சனிக்கிழமையே தொலைபேசியில் அடுப்பு மூட்டுவீர்களா என்று கேட்டுவிட்டு, இல்லையென்றால் வேறு ஞாயிறு பாருங்கள்.